பின் நம்பரை மாத்தின கையோட கடலுக்குப் போயிட்டார், இப்ப அப்பாவோட போன் திறக்கல

காசிமேட்டு மகள் (இரவு 9:42)

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்க படிக்கிறதோட சரி. இன்னைக்கு வேற வழி தெரியாம எழுதுறேன்.

அப்பா விசைப்படகுல டிரைவர். தங்கலுக்குப் போனா திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும். இந்த வாட்டி கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி, ஐஸ் ஏத்துற இடத்துல போனைத் திறக்கும்போது பக்கத்துல நின்ன ஒரு ஆள் நம்பரைப் பார்த்துட்டான்னு அவருக்குச் சந்தேகம். அங்கேயே ஒரு ஓரமா உட்கார்ந்து மாத்திட்டார். பழசு நாலு எண், புதுசு ஆறு எண். அதுக்கப்புறம் விரல் வெச்சுத்தான் திறந்திருக்கார். கரையை விட்டுத் தள்ளிப் போனதும் டவர் போயிடும். ரெண்டாம் நாள் சார்ஜும் தீர்ந்துடுச்சு. ஒன்பதாம் நாள் கரைக்கு வந்து சார்ஜ் போட்டு ஆன் பண்ணினா விரலை எடுக்கவே மாட்டேங்குது. ரீஸ்டார்ட் ஆயிருக்கு, பின் நம்பர் போடுன்னு கேட்குது. அந்த நம்பர் அவருக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல.

அந்த போன்ல அம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கு. அம்மா போய் பதினாலு மாசம் ஆகுது. "சாப்டியா, வெறும் வயித்தோட வலை இழுக்காத", இப்படிச் சின்னச் சின்ன பேச்சுதான். அப்பா போட்டுல படுக்கும்போது அதைக் கேட்டுட்டுத்தான் தூங்குவார். இப்ப போனைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கார், யார்கிட்டயும் பேசல.

பன்னெண்டு தடவை போட்டுப் பார்த்தாச்சு. பக்கத்துல ஒரு கடையில 1,500 ரூபாய் கொடுத்தா உள்ள இருக்கிறது எதுவும் போகாம திறந்து தர்றேன்னு சொல்றாங்க. நாளைக்குக் காலையில கொடுத்துடலாமா? ஆண்ட்ராய்ட் போன்தான்.

வியாசர்பாடி கேரம்போர்டு (இரவு 9:55)

குடுக்காத தங்கச்சி. கை நீட்டிடாத.

என் போன் பேட்டர்ன் மறந்தப்போ நானும் இதே பேச்சை நம்பித்தான் குடுத்தேன். சாயந்தரம் வாங்கப் போனா போன் புதுசா கடையில வாங்கினது மாதிரி சுத்தமா கீது. கேட்டா "போன் திறந்துச்சா இல்லையா"ன்றான். என் பொண்ணு முத முதலா நடந்த வீடியோ அதுலதான் இருந்துச்சு. அது இன்னும் எனக்கு ஆறல. காசு போனா போவுது, அதைத் திரும்ப எடுக்க முடியாது.

தண்டையார்பேட்டை சர்வீஸ் (இரவு 10:20)

நான் மொபைல் ரிப்பேர் தொழில்ல பதினாலு வருஷமா இருக்கேன் தங்கச்சி. என் தொழிலைப் பத்தி நானே சொல்றேன், நல்லா கேளு.

முன்ன ஒரு காலம் இருந்துச்சு. ஆண்ட்ராய்ட் 4.4 வரைக்கும் பேட்டர்ன் மறந்துட்டா கீழ ஒரு பட்டன் வரும், ஜிமெயில் பாஸ்வேர்டு போட்டா திறந்துடும். 5.0 வந்ததுல இருந்து அது இல்ல. 2016ல ஆண்ட்ராய்ட் 7 வந்தப்போ பூட்டோட அமைப்பே மாறிடுச்சு. 2019ல ஆண்ட்ராய்ட் 10ஓட வெளிவந்த புது போன் எல்லாத்துக்கும் அது கட்டாயம்.

என்ன மாறிச்சுன்னா, உன் படம், மெசேஜ் எல்லாம் உள்ள கலைச்சுப் போட்ட எழுத்தாத்தான் கிடக்கும். அதைச் சேர்த்துப் படிக்க ஒரு சாவி வேணும். அந்தச் சாவியை போன் எங்கயும் அப்படியே எழுதி வெச்சுக்கிறதில்ல. நீ அடிக்கிற நம்பரும், போனோட மெயின் சிப்புக்குள்ள பொதிஞ்சிருக்கிற ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்தாத்தான் அது கிடைக்கும். போன் அணைஞ்சா சாவி போச்சு. ஆன் பண்ணி ஒரு தடவை நம்பர் போட்டாத்தான் திரும்ப வரும். விரல் ரேகையால சாவியை உண்டாக்க முடியாது. ஏற்கெனவே திறந்து வெச்ச பூட்டை மறுபடி மறுபடி திறந்து விடுற வேலை மட்டும்தான் அதுக்கு. அப்பாவோட விரலை போன் எடுக்காததுக்கு இதுதான் காரணம். போன்ல கோளாறு எதுவும் இல்ல.

மெமரி சிப்பை மட்டும் கழட்டி வேற போர்டுல வெச்சாலும் படிக்க முடியாது, ஏன்னா அந்த ரகசிய எண் பழைய போர்டுல மெயின் சிப்புக்குள்ளயே நின்னுடும். அதனால கடையில நிறைய பேர் பண்றது ஒரே வேலை, மொத்தத்தையும் அழிக்கிறது. அழிச்சாலும் பிரச்சினை அதோட முடியாது. ஆண்ட்ராய்ட் 5.1 காலத்துல இருந்து, அழிச்சு ஆன் பண்ணினா முன்னாடி இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். அப்ப "ஐடி என்ன"ன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க, போன் வாங்கின கடைப் பையன் போட்டுக் கொடுத்ததா இருக்கும்.

உனக்கு இப்ப ரெண்டே வழி. நம்பர் ஞாபகத்துக்கு வரணும். இல்லன்னா பேக்கப் இருக்கணும். அப்பாவோட ஜிமெயில் தெரியுமா?

இன்னொண்ணு. இனிமே சும்மா அடிச்சுப் பார்க்க விடாத. ஒரு தாள் எடுத்து இதுவரைக்கும் போட்ட பன்னெண்டையும் எழுதச் சொல்லு. போட்டதையே திரும்பப் போட்டு வீணாக்குறதுதான் எல்லாரும் பண்றது. அஞ்சு தப்புக்கு முப்பது விநாடி நிறுத்தும், அப்புறம் நேரம் கூடிக்கிட்டே போகும். சில போன்ல இத்தனை தப்பு ஆனா தானா அழிஞ்சுடுன்னு ஒரு செட்டிங் இருக்கும். அப்பா அதைப் போட்டிருந்தாரான்னு கேளு.

காசிமேட்டு மகள் (இரவு 10:41)

ரொம்ப நன்றி அண்ணா. கடைக்குக் கொடுக்கல. அழிக்கிற செட்டிங் போடலன்னு அப்பா சொல்றார். ஜிமெயில் ஐடி ஒரு பழைய மொபைல் பில்லுல கிடைச்சது, பாஸ்வேர்டு தெரியல.

என் லேப்டாப்ல அப்பாவோட வாட்ஸ்அப் வெப் ஒரு தடவை போட்டிருந்தேன். திறந்து பார்த்தேன், இந்த வருஷத்துப் பேச்சுதான் இருக்கு. அம்மாவோடது இல்ல.

தண்டையார்பேட்டை சர்வீஸ் (இரவு 10:52)

லேப்டாப்ல இருக்கிறதை இப்பவே சேமிச்சுக்கோ. மெயின் போன் பதினாலு நாள் இணையத்துக்கே வரலன்னா அதுவும் லாக் அவுட் ஆயிடும்.

அப்பா சிம்மை வேற போன்ல போட்டு வாட்ஸ்அப் ஏத்தினா கூகுள் டிரைவ்ல பேக்கப் இருந்தா வரும். ஆனா அதைக் கடைசியா வெச்சுக்கோ. அதுக்கு அதே கூகுள் கணக்கு உள்ள வரணும். அவசரத்துல பழசை எடுக்காம புதுசா ஆரம்பிச்சுட்டா, அடுத்த பேக்கப் போய் பழைய பேக்கப் மேலயே உட்கார்ந்துடும். முதல்ல நம்பரைத் தேடுவோம்.

ஓய்வு பெற்ற கணக்கர், பெரம்பூர் (இரவு 11:15)

அம்மா, உன் தகப்பனார் பிறந்த நாள், கல்யாண நாள், உன் தாயார் மறைந்த நாள் எல்லாம் போட்டுப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நாற்பது வருடம் எண்களோடு உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நிதானமாக யோசிக்கும்போதுதான் மனிதன் பிறந்த நாளைத் தேடிப் போவான். அவசரத்தில் மாற்றுகிறவன், அந்த நிமிடத்தில் மனசில் என்ன கணக்கு ஓடிக்கொண்டிருந்ததோ அதைத்தான் போடுவான். படகு கிளம்பும் இரவில் அவர் எந்தெந்த எண்ணைப் பார்த்தார், யாரிடம் எதைச் சொன்னார் என்று மெதுவாகப் பேச்சுக் கொடு. "நம்பர் என்ன" என்று மட்டும் கேட்காதே. கேட்கக் கேட்க அது உள்ளே போகும். அந்த இடத்துக்கே அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

ராயபுரம் மீன்காரம்மா (காலை 6:10)

நான் மீன் விக்கிறவ. கண்ணு, உங்கப்பா மாதிரி ஆளுங்க நம்ம பக்கம் நெறைய பேரு.

எனக்கு விரல் வெக்கிற வேலையே ஆகாது. செதில் தேச்சி தேச்சி, ஐஸ்ல கை வெச்சி வெச்சி ரேகை வழவழன்னு போயிடுச்சி. ரேஷன் கடையிலயே நாலு தடவை வெக்கச் சொல்லுவாங்க. வஞ்சிரம் வெட்டுற நேரத்துல போன் வந்தா கையெல்லாம் ரத்தமும் ஐசும். முந்தானையில துடைச்சிட்டு சுண்டு விரலை மடக்கி அந்த முட்டியால ஆறு நம்பரையும் தட்டுவேன். நாளைக்கு முப்பது நாப்பது வாட்டி. அதனால எனக்கு மறக்கவே மறக்காது. பாதித் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வாய் சொல்லாது, கை போட்டுடும்.

என் புள்ளை புது போன் வாங்கினான், விரல்லயே திறப்பான். நம்பர் கேட்டா முழிக்கிறான். பழகாத கைக்கு நம்பர் எப்பிடி வரும்?

வியாசர்பாடி கேரம்போர்டு (காலை 7:02)

அக்கா சொன்னது கரெக்டு. மூணு நாளைக்கு ஒரு வாட்டி போன் நம்பர் கேக்கும்ல, அத நான் பேஜார்னு நெனைச்சினு இருந்தேன்.

தண்டையார்பேட்டை சர்வீஸ் (காலை 8:30)

72 மணி நேரம் நம்பரே போடலன்னா விரலை எடுக்காம ஒரு தடவை நம்பர் கேட்கும். பாதுகாப்புக்கு வெச்சதுதான், ஆனா மறக்காம இருக்க நமக்கும் அதுதான் துணை. அப்பா விஷயத்துல என்ன ஆச்சுன்னா, அந்த மூணு நாள் வர்றதுக்கு முன்னாடியே சார்ஜ் போயிடுச்சு. புது நம்பரை மாத்தும்போது ரெண்டு தடவை போட்டதோட சரி, கை அதுக்கப்புறம் தொடவே இல்ல.

என்கிட்ட வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். நம்பரை ராத்திரியில மாத்தாதீங்க, பயணத்துக்கு முன்னாடி மாத்தாதீங்க. காலையில, வீட்ல இருக்கிற நாள் பார்த்து மாத்துங்க. செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி, அதுல ஸ்கிரீன் லாக், பழைய நம்பரைக் கேட்கும், அப்புறம் புதுசு. மாத்தின உடனே கைரேகையை ஒரு வாரத்துக்கு எடுத்துடுங்க. எத்தனை தடவை திறக்குறீங்களோ அத்தனை தடவையும் கையால அடிக்கணும். ஒரு வாரம் கழிச்சு ரேகையைத் திரும்பச் சேர்த்துக்கலாம். இதை மட்டும் பண்ணிட்டா நம்பர் எங்கயும் போகாது.

கொருக்குப்பேட்டை ரயில் பயணி (காலை 9:14)

எழுதி வெக்கிறதைப் பத்தி யாரும் பேசலையே. எழுதவே கூடாதுன்னுதான் எனக்கு எல்லாரும் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா என் அனுபவம் வேற.

எங்க அண்ணன் போன் கவருக்குப் பின்னாடி சின்ன சீட்டுல நம்பரை எழுதி மடிச்சு வெச்சிருந்தார். மின்சார ரயில் கிளம்புற நேரம் பார்த்து ஜன்னல் பக்கமா பிடுங்கிட்டுப் போயிட்டான். போனோட சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆச்சு. அதோட நிக்கல. போன் பின்னும் யுபிஐ பின்னும் ஒரே நம்பர். அரை மணி நேரத்துல 18,000 ரூபாய் போச்சு. பணம் அனுப்புற ஆப் பெரும்பாலும் போனோட பூட்டாலதான் திறக்கும், மிச்சம் இருக்கிற ஒரே காவல் யுபிஐ பின்தான். அதையும் ஒண்ணா வெச்சா எப்படி?

உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் பண்ணோம், போலீஸ்ல எழுதிக் கொடுத்தோம், அந்த நகலை வெச்சு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற தனி அடையாள எண்ணைப் போட்டு போனை முடக்கினோம். 2023 மே மாசத்துல இருந்து அது நாடு முழுக்க இருக்கு. அந்த ஐஎம்இஐ எண் பெட்டி மேல இருந்ததால தப்பிச்சோம். எல்லாரும் இப்பவே *#06# அடிச்சு அந்த எண்ணை வீட்ல எழுதி வையுங்க.

ராயபுரம் மீன்காரம்மா (காலை 9:30)

அப்ப எழுதி வெக்கலாமா கூடாதா?

ஓய்வு பெற்ற கணக்கர், பெரம்பூர் (காலை 10:05)

எழுதலாம் அம்மா. போனோடு சேர்த்து வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ரயிலில் போன் பிடுங்குகிறவன் உங்கள் வீட்டு பீரோவுக்கு வரப்போவதில்லை. வீட்டுப் பத்திரம், நகைச் சீட்டு இருக்கும் இடத்தில் ஒரு தாளில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு அந்த இடம் தெரிந்திருக்கட்டும். நாளைக்கு நமக்கு ஏதாவது ஒன்று ஆனால், பேங்க் மெசேஜிலிருந்து இன்ஷூரன்ஸ் வரை எல்லாம் அந்த போனுக்குள் அடைந்து கிடக்கும்.

வெறும் எண்ணாக எழுதப் பயமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். என் அப்பா மளிகைக் கடையில் தமிழ் எண்ணில்தான் கணக்கு எழுதுவார். க என்றால் 1, உ என்றால் 2, ச 4, ரு 5, எ 7, அ 8. சின்ன வயதில் அந்தப் பேரேட்டைப் பார்த்துத்தான் எனக்கு எண்ணும் எழுத்தும் ஒன்றாக ஏறியது. இப்போது ஒரு வாக்கியம்:

அத்தை சட்டியில உப்பு கம்மி, ருசி எங்கே?

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் எடுத்தால் அ ச உ க ரு எ. அதாவது 842157. தாளில் இந்த வாக்கியத்தை எழுதி வைத்தால் சமையல் குறிப்பு என்று நினைப்பார்கள். இதையே யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம், பொதுவில் எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் யாரோ அடிக்கடி சொல்லும் பேச்சிலிருந்து ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். பேச்சு மறக்காது.

எண்ணூர் தம்பி (காலை 11:20)

ஐயா, இது ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு விஷயம். நீங்க சொன்ன எழுத்துல 1, 2, 4, 5, 7, 8னு ஆறு எண் மட்டும்தான் வருது, ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு வாய்ப்புதான், அதனால முறை தெரிஞ்ச ஆளுக்கு மொத்தம் 46,656 வாய்ப்புதான். ஆறு எண் பின் நம்பருக்கு மொத்தம் பத்து லட்சம் வாய்ப்பு.

ஓய்வு பெற்ற கணக்கர், பெரம்பூர் (காலை 11:48)

கணக்கு சரி தம்பி. எட்டுச் சொல் வாக்கியமாக வைத்தால் பதினாறு லட்சத்தைத் தாண்டும். ஆறு சொல்லே வைத்தாலும், நாலு எண் பின்னுக்கு இருக்கும் 10,000ஐ விட நாலரை மடங்கு அதிகம். அஞ்சு தப்புக்கு ஒரு தடவை போன் நிறுத்தி வைக்கும்போது திருடன் எத்தனை போட்டுப் பார்ப்பான்?

எண்ணூர் தம்பி (மதியம் 12:15)

சரிங்க ஐயா, ஒத்துக்கிறேன். பேட்டர்ன் கோடு 3,89,112 விதமா போடலாம், ஆனா நாம எல்லாரும் மூலையில ஆரம்பிச்சு எல், இசட்னுதான் இழுக்கிறோம். கண்ணாடி மேல விரல் எண்ணெய் கோடும் தெரியும். நம்பரே மேல்.

ஒரு கேள்வி. நான் ஐபோன். எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. போனுக்கும் அப்படி மாத்தணுமா?

தண்டையார்பேட்டை சர்வீஸ் (மதியம் 1:40)

தேவையில்ல தம்பி. அமெரிக்காவுல தரக்கட்டுப்பாடு வகுக்கிற நிஸ்ட் அமைப்பே 2017ல, காரணமில்லாம குறிப்பிட்ட நாளுக்கொரு தடவை மாத்தச் சொல்லாதீங்கன்னு எழுதிட்டாங்க. அடிக்கடி மாத்தினா ஜனங்க கடைசி எண்ணை மட்டும் ஒண்ணு கூட்டிப் போடுவாங்க, இல்லன்னா மறப்பாங்க. யாராவது பார்த்துட்டாங்கன்னா மாத்து. ரிப்பேருக்குக் கொடுத்து நம்பர் சொல்லியிருந்தா, திரும்பி வந்ததும் மாத்து. நம்பர் சொல்லியே கொடுக்கணும்னு இல்ல, டிஸ்ப்ளே மாத்துறதுக்கெல்லாம் நம்பர் எதுக்கு? டச் வேலை செய்யுதான்னு நீயே திறந்து காட்டினா போதும்.

ஐபோன்ல 2023ல வந்த ஐஓஎஸ் 17ல இருந்து ஒரு நல்லது இருக்கு. மாத்தின புது நம்பர் மறந்துட்டா 72 மணி நேரத்துக்குள்ள பழைய நம்பரைப் போட்டு வேற வெச்சுக்கலாம். அதைத் தாண்டிட்டா அழிக்கிறதுதான். கூடவே ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, ஆன் பண்ணி வை. நம்பரைப் பார்த்துட்டுப் பிடுங்கினாலும், வெளியில வெச்சு பாஸ்கோடையும் ஆப்பிள் பாஸ்வேர்டையும் உடனே மாத்த முடியாது, ஒரு மணி நேரம் காத்திருக்க வைக்கும்.

ஆண்ட்ராய்ட்காரங்களுக்கு ஒண்ணு. புது போன் வாங்கி பழைய பேக்கப்பை இறக்கும்போது பழைய போனோட நம்பரைக் கேட்கும். ஆண்ட்ராய்ட் 9ல இருந்து பேக்கப்பும் அந்த நம்பராலதான் பூட்டியிருக்கு. பழைய போன் உடைஞ்சு போச்சுன்னு அதோட நம்பரை மறந்துடாதீங்க.

காசிமேட்டு மகள் (மாலை 5:33)

கணக்கர் ஐயா சொன்ன மாதிரி அப்பாவை மத்தியானம் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்பரைப் பத்தி எதுவும் கேட்கல. அன்னைக்கு எங்க உட்கார்ந்தீங்கன்னு மட்டும் கேட்டேன். ஒரு போட்டுக்கு ஐஸ் ஏறிட்டிருந்தது. மெஷின்ல உடைச்ச ஐஸ் குழாய் வழியா கிடங்குக்குள்ள போற சத்தம், அதுக்கு மேல ஒருத்தர் சத்தமா எண்ணிச் சொல்ல, இன்னொருத்தர் நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தார். அப்பா அதையே பார்த்துட்டு நின்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஓனர் நோட்டு எங்க இருக்கும்"னார்.

அன்னைக்கு எத்தனை பார் ஐஸ், எவ்வளவு டீசல்னு அவர்தான் ஓனருக்குச் சொல்லி எழுத வெச்சிருக்கார். சொல்லி முடிச்ச கையோட போன்ல நம்பர் மாத்தியிருக்கார். நோட்டை வாங்கிப் பார்த்தோம். முதல்ல டீசல், அப்புறம் ஐஸ்னு போட்டார், வரல. தாள்ல எழுதிக்கிட்டோம். காத்திருக்கச் சொன்ன நேரம் முடியுற வரைக்கும் அங்கேயே ஒரு வலைக் குவியல் மேல உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஐஸ் முதல்ல, டீசல் அடுத்து.

திறந்துடுச்சு.

அப்பா அழுதுட்டார். நானும்தான். ஐஸ் ஏத்திட்டிருந்தவங்க வேலையை நிறுத்திட்டு வந்து என்ன ஆச்சுன்னு கேட்டாங்க.

வியாசர்பாடி கேரம்போர்டு (மாலை 5:36)

தங்கச்சி!! படிக்கச் சொல்லோ எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சி.

ராயபுரம் மீன்காரம்மா (மாலை 5:50)

அம்மா புண்ணியம் கண்ணு. மொதல்ல அந்த வாய்ஸை வேற எடத்துக்கு மாத்து.

காசிமேட்டு மகள் (இரவு 8:20)

மாத்திட்டேன் அக்கா. வாட்ஸ்அப்ல அம்மா பேச்சுல எக்ஸ்போர்ட் போட்டு, மீடியாவோட சேர்த்து என் லேப்டாப்புக்கும் ஒரு பென் டிரைவுக்கும் ஏத்தியாச்சு. எண்ணிப் பார்த்தேன், 63 வாய்ஸ் மெசேஜ் இருக்கு. கூகுள் பாஸ்வேர்டையும் போன்ல இருந்தே புதுசா வெச்சுட்டோம், பேக்கப்பும் ஓடுது.

ஐஸ் நம்பரை மாத்தியாச்சு. இப்ப இருக்கிறது அம்மா அடிக்கடி சொல்ற ஒரு வரி, கணக்கர் ஐயா முறையில. அந்த வரியை எழுதி அம்மா புடவை இருக்கிற பெட்டியில வெச்சிருக்கோம். கைரேகையை எடுத்துட்டேன். அப்பா சாயந்தரத்துல இருந்து திறக்கிறதும் பூட்டுறதுமா இருக்கார், ஒவ்வொரு எண்ணுக்கும் வாய் அசையுது.

தண்டையார்பேட்டை சர்வீஸ் (இரவு 8:31)

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. அடுத்த தங்கலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, நீ பக்கத்துல இருக்கும்போதே போனை ஒரு தடவை முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லு. நீ எதுவும் எடுத்துக் கொடுக்காம அவரே திறக்கணும்.

காசிமேட்டு மகள் (இரவு 8:34)

இப்பவே பண்ணச் சொன்னேன் அண்ணா. திறந்துட்டார். இன்னொரு தடவை பண்றேன்னு திரும்ப ஆஃப் பண்றார்.